பள்ளி வாசலில் மஞ்சள் கோடு: உலகப் புகையிலை ஒப்பந்தத்தை நம் ஊர்வரை கொண்டுவருவது எப்படி

இந்தக் குறிப்பு தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும், ஊராட்சி வார்டு உறுப்பினர்களுக்கும் எழுதியது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்னமும் போன் வந்துகொண்டுதான் இருக்கிறது. "சார், ஸ்கூலுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற கடையில ஹான்ஸ் விக்கிறாங்க, கூல் லிப் விக்கிறாங்க, யார்கிட்ட சொல்றது?" என்று கேட்கிறார்கள். ஹான்ஸ், கூல் லிப் இரண்டும் வாயில் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலங்கள். யாரிடம் சொல்வது என்பது ஒரு வரியில் முடிந்துவிடும். சொன்ன பிறகு கடை ஒரு வாரம் சுத்தமாக இருந்துவிட்டு மறுவாரம் பழையபடி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேப்பனப்பள்ளி, பாகலூர், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள், எல்லையைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியைத் தவறாமல் படியுங்கள்.

கையில் என்ன இருக்கிறது

பெட்டிக்கடையைப் பற்றிப் பேச உலக ஒப்பந்தம் எதற்கு என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். புகையிலையை ஒரு நாடு தனியாக நின்று கட்டுப்படுத்த முடியாது. ஒரு நாடு வரியை ஏற்றினால் பக்கத்து நாட்டிலிருந்து சரக்கு கடத்தி வரும். ஒரு நாடு விளம்பரத்தைத் தடுத்தால் அடுத்த நாட்டு டி.வி. வழியாக அதே விளம்பரம் வீட்டுக்குள் வந்து நிற்கும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஜெனீவாவில் கூடி, 2003 மே 21 அன்று புகையிலைக் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. 2005 பிப்ரவரி 27 முதல் அது நடப்பில் இருக்கிறது. 182 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு நின்றுவிட்டது. இந்தோனேசியா கையெழுத்தும் போடவில்லை.

இந்தியா இதை உறுதி செய்தது 2004 பிப்ரவரி 5. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 9 அன்று, தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. நாங்கள் அலுவலகத்தில் கோப்புகளை இரண்டு கட்டாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. இந்த இரண்டு தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் நமக்கு வேண்டிய பிரிவுகள் சிலவே. 8ஆம் பிரிவு அடுத்தவர் புகையிலிருந்து மக்களைக் காப்பது, 11 பாக்கெட்டில் எச்சரிக்கை, 13 விளம்பரத் தடை, 14 விட நினைப்பவர்களுக்கு உதவி, 15 கடத்தலைத் தடுப்பது, 16 சிறுவர்களுக்கு விற்காமல் இருப்பது. 17ஆம் பிரிவைப் பற்றித் தனியாக, நிறையச் சொல்ல வேண்டும். 5.3 என்று ஒன்று உண்டு. அது புகையிலைக் கம்பெனிகளின் நலன் அரசு முடிவுகளுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது.

நம் நாட்டில் இதற்கெல்லாம் கை கால் கொடுப்பது 2003ஆம் ஆண்டுச் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம். அலுவலகங்களில் 'கோட்பா' என்பார்கள். பொது இடத்தில் புகைப்பது 4ஆம் பிரிவில் குற்றம். அதற்கான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு விற்பதும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் 6ஆம் பிரிவில் குற்றம். அபராதம் 200 ரூபாய்வரைதான். "இருநூறு ரூபாய்தானே" என்று சிரிப்பவர்களிடம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவைச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு சிறுவனுக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் 7 வருடம்வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். சிரிப்பு நின்றுவிடும்.

குட்கா, மெல்லும் புகையிலை விஷயம் வேறு. பீடி, சிகரெட்டை 100 கெஜத்துக்கு அப்பால் பெரியவர்களுக்கு விற்கலாம். குட்காவைத் தமிழ்நாட்டில் எங்கேயும் விற்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் ஆண்டுக்கு ஆண்டு தடையாணை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. "கோர்ட்டே தடையை எடுத்துடுச்சே" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்புச் சொன்னது உண்மை. அந்த ஏப்ரலிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் போனால் கடை வாசலில் நம் வாய் அடைத்துப்போகும். இ-சிகரெட்டும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுக்கத் தடை.

கம்பெனிக்காரர்கள் வழக்குப் போடுவார்களோ என்று பயந்த தலைமையாசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது உருகுவேயின் கதை. தென் அமெரிக்காவில் நம் மாநிலத்தைவிட மக்கள்தொகை எவ்வளவோ குறைந்த நாடு. பாக்கெட்டில் 80 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை போடச் சொன்னதற்காக பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் 2010இல் அந்த நாட்டின் மேல் சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டது. 2016 ஜூலையில் உருகுவே ஜெயித்தது. உலக சுகாதார நிறுவனமும் ஒப்பந்தச் செயலகமும் அந்த வழக்கில் தங்கள் கருத்தை எழுத்தில் கொடுத்தன. நம் பாக்கெட்டில் 2016 ஏப்ரலிலிருந்து 85 சதவீதம் எச்சரிக்கை இருக்கிறது.

முதலில் சுவரோரம் நடங்கள்

கடைக்குப் போவதற்கு முன் பள்ளியின் பின்பக்கச் சுவரோரம் ஒரு குச்சியோடு காலையில் நடந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கழிவறைச் சந்தில், விளையாட்டு மைதானத்து மூலையில். பீடித் துண்டு கிடந்தால் அது பெரும்பாலும் வெளியாள். சாயங்காலம் மைதானத்துக்கு வருபவர். தகர டப்பா மூடி, சின்னப் பிளாஸ்டிக் உறை, ஈரமான டீத்தூள் பை மாதிரி சப்பிப் போட்ட வெள்ளைப் பை கிடந்தால் அது மாணவன். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொள்ளும் பை அது. புகை வராது, வாத்தியாருக்கு வாடை தெரியாது, பாடம் நடக்கும்போதே வாயில் இருக்கும். எந்த இடத்தில் எது கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், போன் கேமராவில் படம் எடுங்கள். பிறகு கடைக்காரர் "என் கடையில இதெல்லாம் கிடையாது" என்று சொல்லும்போது சண்டை போடத் தேவையிருக்காது. நோட்டைக் காட்டினால் போதும்.

அளப்பது

100 கெஜம் என்றால் 300 அடி, 91.44 மீட்டர். நூறடி டேப் இருந்தால் மூன்று வீச்சு. ஊராட்சி அலுவலகத்தில் அல்லது மேஸ்திரி ஒருவரிடம் இருக்கும்.

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் தகராறு வரும். பள்ளி கேட்டிலிருந்து இல்லை. சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து, சுவர் இல்லாவிட்டால் வேலியிலிருந்து அளக்க வேண்டும். அதுவும் வளைந்து போகும் தெருவழி இல்லை; சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் நேர்கோட்டில். விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. கேட் கிழக்கே இருக்கும். கடை மேற்குச் சுவரை ஒட்டிய சந்தில் இருக்கும். தெருவழி நடந்தால் 200 மீட்டர் வரும், நேராக அளந்தால் 40 மீட்டர்கூட இருக்காது. அந்தக் கடையும் உள்ளேதான் வரும். நடுவில் வீடு இருந்து டேப் பிடிக்க முடியாவிட்டால், போன் மேப்பில் இரண்டு புள்ளிக்கு நடுவே தூரம் காட்டும் வசதி இருக்கிறது. சுவரின் பக்கத்து மூலையில் ஒரு புள்ளி, கடை முகப்பில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.

அளக்கும் நாளில் கடைக்காரரையும் கூப்பிடுங்கள். டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுங்கள். இது நான் கண்ட நல்ல பலன். தானே பிடித்து அளந்த கோட்டை அடுத்த மாதம் யாரும் "தப்பா அளந்துட்டாங்க" என்று சொல்வதில்லை. வி.ஏ.ஓ.வோ ஊராட்சிச் செயலரோ கூட இருந்தால் இன்னும் நல்லது. அளந்த தூரத்தை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் கோடு. மத்திய அரசின் புகையிலை இல்லாக் கல்வி நிறுவன வழிகாட்டுதலில் இந்த 100 கெஜ எல்லையில் மஞ்சள் கோடு போடச் சொல்லியிருக்கிறது. தார் ரோட்டில் சாதாரண எனாமல் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ரோடு மார்க்கிங் பெயிண்ட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மண் ரோடாக இருந்தால் இரண்டு ஓரத்திலும் கல் நட்டு மஞ்சள் அடித்துவிடலாம். பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தால் அந்தத் துறையின் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கேட்டுவிட்டுப் போடுங்கள், கேட்காமல் ரோட்டில் பிரஷ் வைக்க வேண்டாம். சர்வீஸ் ரோட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். வாசலில் ஒரு பலகை வேண்டும்: 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்று. மாநில எல்லையோரப் பள்ளியாக இருந்தால் கீழே தெலுங்கிலோ கன்னடத்திலோ ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் வீட்டு மொழி.

கடைக்கார அக்காவிடம் பேசுவது

இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். போலீஸோடு போய் இறங்கினால் அன்றைக்கு எல்லாம் மறைந்துவிடும். மறுநாள் பொட்டலம் கல்லாப் பெட்டிக்கு அடியிலிருந்து இடுப்புச் சுருக்குப் பைக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

நம் பக்கத்துப் பள்ளி வாசல் கடைகளில் பாதிக்கு மேல் பெண்கள் நடத்துவது. புருஷன் ஓசூர் கம்பெனி வேலைக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ போயிருப்பார். வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு கடையில் நான் பேசப்போனபோது அந்த அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சார், பீடி சிகரெட்டை எடுத்துட்டா அதுக்காக வர்ற ஆளு டீ குடிக்கவும் வரமாட்டான். அவனோட பன்னும் போச்சு, வாட்டர் பாக்கெட்டும் போச்சு. சாயங்காலம் பால்காரருக்கு நான் என்ன சொல்றது?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் சட்டப் பிரிவை மட்டும் சொல்லிவிட்டு வருவது தப்பு என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பதில் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 17ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலாளர்கள், விவசாயிகள், தனி விற்பனையாளர்கள் ஆகியோருக்குக் கட்டுப்படியாகும் மாற்றுத் தொழில் கிடைக்க நாடுகள் ஒத்துழைத்து உதவ வேண்டும் என்கிறது. இத்தனை நாடுகள் உட்கார்ந்து எழுதிய காகிதத்தில் பெட்டிக்கடைக்காரர்களுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாமும் அதே மரியாதையோடு போய் உட்கார வேண்டும்.

உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். எந்த நேரத்துக்கு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். காலை மணி அடிப்பதற்கு முன் மாணவர்கள், பத்து மணிக்கு மேல் ஆடு மேய்ப்பவர்களும் நூறு நாள் வேலைக்காரர்களும், மதியம் மறுபடி பிள்ளைகள், சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள். புகையிலை வாங்குவது எந்த நேரத்துக் கூட்டம் என்று பார்த்தால், பெரியவர்களின் பீடி ஒரு கணக்கு, பிள்ளைகளுக்குப் போகும் பொட்டலம் ஒரு கணக்கு என்று பிரிந்து தெரியும். பொட்டலத்தில் லாபம் அதிகம், ஆபத்தும் அதிகம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பிடித்தால் அபராதத்தோடு கடைக்குச் சீலும் விழும். சீல் விழுந்த கடைக்கு டீ வியாபாரமும் கிடையாது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் கணக்காகச் சொன்னால் அந்த அம்மாக்களே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பிறகு என்ன வைத்து ஈடுகட்டுவது? பள்ளி வாசலுக்கு ஓடுவது மாங்காய்க் கீற்று. நம் மாவட்டத்தில் பெங்களூரா மாங்காய்க்கு என்ன பஞ்சம்? ஜூனில் பள்ளி திறக்கும்போது மண்டியில் விலை இறங்கிக் கிடக்கும். உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் கொடுத்தால் தட்டு காலியாகிவிடும். சீசன் முடிந்த பிறகு அவித்த வேர்க்கடலை, மரவள்ளிக் கிழங்கு, சுண்டல். அதைவிட நிலையானது எழுதுபொருள். கிராஃப் தாள், மேப், பேனா ரீஃபில், நாலு கோடு நோட்டு, சார்ட் அட்டை. இதற்காகப் பிள்ளைகள் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறார்கள். எந்த வகுப்புக்கு எந்த மாதம் என்ன தேவை என்று ஆசிரியர் ஒருவர் பட்டியல் எழுதிக் கொடுத்தால் அந்தக் கடைக்கு அது பெரிய உதவி. நான் சொன்ன கடையில் இதுதான் எடுபட்டது. முதல் சரக்குக்குச் சுயஉதவிக் குழுக் கடன் கேட்கலாம். குழுத் தலைவியிடம் நீங்களே கூடப்போய்ப் பேசுங்கள். கடையே கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியாகப் போக முடியுமா என்றும் பாருங்கள். போனாலும் 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பது கூடவே போகும்.

கடையில் இன்னும் இரண்டு விஷயம். கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டரை முதலில் அவிழ்க்கச் சொல்லுங்கள். அது தொங்கும்வரை கடை வாசல் புகைக்கும் இடம்தான். அடுத்தது, ஏஜென்சிக்காரர் இலவசமாகக் கொடுத்த பளபளப்பான கண்ணாடிப் பெட்டி. சிகரெட் பாக்கெட்டுகளைப் பிள்ளைகளின் கண் மட்டத்தில், மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கும் பெட்டி. அது விளம்பரம், ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவும் நம் சட்டத்தின் 5ஆம் பிரிவும் தடுக்க வந்தது இதைத்தான். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதே ஏஜென்சி பள்ளிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், பெஞ்சு, விளையாட்டு விழாவுக்குப் பரிசு என்று வந்தாலும் வாங்காதீர்கள். பெஞ்சு வேண்டும்தான், எனக்கும் தெரியும். ஊரில் நாலு பேரிடம் கேட்டு வாங்கலாம்.

தீர்மானம்

ஆள் மாறினாலும் நிற்க வேண்டுமென்றால் கிராம சபையில் எழுத்தாக வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை நாட்கள். மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். ஆனால் நம்மூரில் அன்றைக்குக் கோடை விடுமுறை, பள்ளியில் ஆள் இருக்காது. அதனால் மே 1 சபையில் தீர்மானம் போட்டு, ஜூனில் பள்ளி திறந்ததும் கோடு போடுவது வசதி. வாசகம் இப்படி இருக்கட்டும்:

"எங்கள் ஊராட்சியில் உள்ள பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்பதில்லை என்றும், எல்லைக் கோட்டை ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் ஊராட்சிச் செலவில் புதுப்பிப்பது என்றும், புகையிலை நிறுவனங்களிடமிருந்தோ அவற்றின் முகவர்களிடமிருந்தோ எந்த நன்கொடையும் பெறுவதில்லை என்றும் இச்சபை தீர்மானிக்கிறது."

சபையில் எண்ணிக்கை கேட்டால், 2016-17இல் எடுத்த பெரியவர்கள் புகையிலைக் கணக்கெடுப்பைச் சொல்லலாம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நாடு முழுக்க 28.6 சதவீதம், தமிழ்நாட்டில் 20 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துபவர்கள். இந்தக் கணக்கெடுப்பே பல நாடுகள் ஒரே கேள்வித்தாளை வைத்துச் சேர்ந்து நடத்துவது.

புகார் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால்: குட்கா, மெல்லும் புகையிலை என்றால் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலர். பீடி, சிகரெட் 100 கெஜத்துக்குள் என்றால் சுகாதார ஆய்வாளர் அல்லது காவல் நிலையம். சிறுவனுக்கு விற்றது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. எதுவும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள். மனுவோடு சுவரோரம் எடுத்த படங்களையும் அளந்த காகிதத்தையும் இணைத்துக் கொடுங்கள். வளாகத்துக்குள் யாராவது புகைத்தால் தலைமையாசிரியரே அபராதம் போடலாம்.

பழகிவிட்ட பிள்ளைகள்

கடையை மூடினால் மட்டும் பையனின் உடம்பு சும்மா இருந்துவிடாது. நிகோட்டின் நின்ற முதல் சில நாட்கள் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் மனம் நிற்காமை எல்லாம் வரும். அந்த நேரத்தில் பிரேயரில் நிறுத்தி அவமானப்படுத்துவதும், டி.சி. கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவதும் அவனை ஒரேயடியாக அந்தப் பக்கம் தள்ளிவிடும். தயவு செய்து செய்யாதீர்கள். கீழுதட்டை இறக்கிப் பார்த்தால் பை வைத்த இடத்தில் தோல் வெளுத்து, சுருங்கித் தடித்திருக்கும். அதைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணாடியில் அவனையே பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்த இடம் ஆறாமல் இருந்தால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சொல்லிக் கொடுக்க எளிய வழி: ஆசை வரும்போது சில நிமிஷம் தள்ளிப்போடு, தண்ணீர் குடி, மூச்சை இழுத்து விடு, கையை வேறு வேலையில் வை. ஆசை அலையாக வந்து சில நிமிஷத்தில் தணிந்துவிடும். வாயில் ஏதாவது இருக்க வேண்டும் என்று தவிக்கும் பையனுக்குச் சோம்பு, ஏலக்காய், கிராம்பு கொடுத்தனுப்புங்கள்.

விட்டுவிட நினைக்கும் யாரும் கூப்பிடக் கட்டணமில்லா எண் 1800-11-2356. எல்லாப் பாக்கெட்டிலும் அச்சிட்டிருக்கிறது. இந்தச் சேவையை நடத்தும் மையங்களில் ஒன்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. பையனுக்குத் தனியாகப் பேசக் கூச்சமாக இருந்தால் ஆசிரியர் தன் போனிலிருந்து கூப்பிட்டுக் கொடுக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் போகலாம். அப்பாவும் பீடி குடிப்பவராக இருந்தால் இருவரையும் சேர்த்தே அனுப்புங்கள்; வீட்டில் தீப்பெட்டி இருக்கும்வரை பையன் நிலைப்பது கஷ்டம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

நம் மாவட்டத்தின் சிக்கலே இதுதான். வேப்பனப்பள்ளியிலிருந்து கர்நாடகாவுக்கும் ஆந்திராவுக்கும் பைக்கில் போய்வரலாம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகத்தான் சேலம் போகிறது. குட்கா மூட்டை பிடிபட்டது என்ற செய்தி இந்த ஊர்களின் பெயரோடுதான் அடிக்கடி வரும். மூட்டைகளைப் பிடிப்பது போலீஸ் வேலை. நம் பள்ளிக்கு வருவது மூட்டை இல்லை, பைக் டேங்க் கவரில் வரும் நாலு சரம். அதைத் தடுப்பது இரண்டு பக்கத்து ஊர்களும் பேசிக்கொண்டால்தான் முடியும்.

நாடுகள் இதையே பெரிய அளவில் செய்திருக்கின்றன. கடத்தலைத் தடுக்க ஒப்பந்தத்தின் கீழ் தனி நெறிமுறை ஒன்றை 2012இல் சியோலில் ஏற்றுக்கொண்டார்கள். 2018 ஜூனில் இந்தியா சேர்ந்தது. அந்த செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பாக்கெட் எங்கே செய்யப்பட்டது, எங்கே விற்கப் போனது என்று தடம் பிடிக்கும் அடையாளம் வேண்டும், நாடுகள் தகவலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நாம் செய்யக்கூடியது: 85 சதவீதப் படம் இல்லாத, வெளிநாட்டு எழுத்து உள்ள பாக்கெட் கடையில் தென்பட்டால் அது கடத்தல் சரக்காக இருக்கலாம். படம் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

கர்நாடகா பக்கத்து ஊர்ப் பள்ளியில் நம் மேலாண்மைக் குழு மாதிரியே எஸ்.டி.எம்.சி. (பள்ளி மேம்பாடு, மேலாண்மைக் குழு) என்று ஒரு குழு இருக்கும். அவர்களைப் போய்ப் பாருங்கள். மொழி தடையில்லை, நம் ஊரில் தெலுங்கு, கன்னடம் பேசுகிற அம்மா ஒருவர் குழுவில் கட்டாயம் இருப்பார், அவரை முன்னால் விடுங்கள். இரண்டு பள்ளியிலும் ஒரே வாரத்தில் கோடு போடப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக் கடைக்கு நடந்துவிடுவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள், சட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. கர்நாடகா தன் திருத்தச் சட்டத்தால் 2025 முதல் வயதை 21 ஆக்கிவிட்டது, பொது இடத்தில் புகைத்தால் அபராதமும் 1,000 ரூபாய்வரை. இங்கே 18தான், 200தான். ஆகவே அந்தப் பக்கத்து 19 வயதுப் பையன் சிகரெட்டுக்கு நம் கடையைத் தேடி வருவான்; நம் பக்கத்துப் பையன் பொட்டலத்துக்கு அங்கே போவான். இதை இரு குழுவும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேச வேண்டும். "உங்க ஊர்லேர்ந்துதான் வருது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். எந்தக் கடை, எந்த நேரம், யார் கொண்டுவருகிறார்கள் என்ற தகவல் மட்டும் பரிமாறிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கடைக்காரர்களிடம் நானாக இருந்தால் 21க்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, கேட்பதில் தப்பில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கம் கேட்டவர்களில் சிலர் ஒத்துக்கொண்டார்கள்.

மேலே அனுப்புவது

செய்ததை எழுதி அனுப்பாவிட்டால் அது கணக்கில் வராது. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தாங்கள் என்ன செய்தோம் என்று செயலகத்துக்கு அறிக்கை தர வேண்டும். இந்த நாடுகளின் மாநாடு ஒன்று 2016 நவம்பரில் நம் நாட்டிலேயே, கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தியா சொல்லும் விவரம் மாவட்டங்களிலிருந்து போவது. மாவட்டத்தில் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கென்று ஒரு பிரிவு உண்டு. சுகாதாரத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். புகையிலை இல்லாக் கல்வி நிறுவனத்துக்கான மதிப்பெண் படிவத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

படிவத்தில் பள்ளியின் யூடைஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுத்திருக்கும் தனி அடையாள எண்ணை, முதலில் எழுதுங்கள். ஒரே பெயரில் பல பள்ளிகள் இருப்பதால் குழப்பம் வரும். கோடு, வாசல் பலகை, உள்ளே இருக்கும் பலகை, புகையிலைக் கண்காணிப்பாளராக நியமித்த ஆசிரியர், மாணவர் பெயர்கள், கிராம சபைத் தீர்மான நகல், அளந்த காகிதம் எல்லாம் சேர்த்து ஒரு கோப்பு. படம் எடுக்கும்போது கோடும் பள்ளிப் பெயர்ப் பலகையும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். தெரியாத படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போகும்போது கோப்பும் காணாமல் போவது வழக்கம், ஆகவே ஒரு நகல் மேலாண்மைக் குழுத் தலைவியின் வீட்டிலும் இருக்கட்டும்.